புதுப்பிப்பு: அந்த பாஸ் (Boss) எச்எம்-2 கிட்டார் பெடலை வாங்கியாச்சு

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் அந்தப் பழைய எச்எம்-2 மிதிபெட்டியை வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் 'தலைவலி' என்றீர்கள், மீதிப் பேர் 'விட்டுடாதே' என்றீர்கள்.

அஸ்தம்பட்டியில் நண்பன் வீட்டு மொட்டை மாடி அறையில் வாசித்துப் பார்த்தேன். குமிழ்களைப் பாதியில் வைத்தால் வெறும் கொசுச் சத்தம். திட்டியவர்கள் சொன்னது சரிதான். ஆனால் நான்கையும் முழுசாகத் திருகிவிட்டால் கதையே வேறு! அதில் கலர் மிக்ஸ் எச் என்ற குமிழ், 1 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து நடு ஒலியைக் கண்டபடி தூக்கிவிடுகிறது. டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசையை வாசிக்கும் ஸ்டாக்ஹோம்காரர்களின் அந்த ரம்ப அறுப்பு அதிலிருந்துதான் வருகிறது. கிட்டார் கம்பிகளைக் கீழ்ச் சுதிக்கு இறக்கினால் இன்னும் சுகம். (பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை.)

இரைச்சல் அதிகம், வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் கருவி கட்டாயம் வேண்டும். அப்புறம், 2021இல் பாஸ் கம்பெனியே வாசா கிராஃப்ட் என்ற வரிசையில் விட்ட எச்எம்-2 மறுபதிப்பைச் சொன்ன அண்ணனுக்கு: விலைதான் இடிக்குது.