டிக்ட்டில் ஒரே ஒரு 'இஃப்' சேர்த்தால் பைத்தான் மெதுவாகிவிடுமா?

கேள்வி:
ஒரு மாட்யூலின் குளோபல் மாறியில் யாராவது கைவைத்தால் டீபக்கருக்கு உடனே தெரிய வேண்டும். குளோபல் மாறிகள் ஒரு டிக்ட்டில் (பெயர், மதிப்பு ஜோடிகளை வைக்கும் டிக்ஷனரி) இருப்பதால், சிபைத்தானில் (சி மொழியில் எழுதப்பட்ட வழக்கமான பைத்தான்) டிக்ட்டில் எழுதும் ஃபங்ஷனுக்குள் 'ஹூக் (நாம் கொடுத்து வைத்த ஃபங்ஷன்) இருந்தால் கூப்பிடு' என்று ஒரு இஃப் போட்டுப் பார்த்தேன். டைம்இட்டில் (சின்னக் கோடின் வேகத்தை அளக்கும் மாட்யூல்) வித்தியாசமே இல்லை. இதை சிபைத்தானின் மையத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா?

மறுமொழி 1:
டைம்இட்டை நம்பாதீர்கள். சின்ன லூப்பில் அந்த இஃப் எப்போதும் ஒரே பக்கம்தான் போகும். எந்தப் பக்கம் போகும் என்று முன்பே ஊகிக்கும் பிராசஸரின் பிராஞ்ச் பிரிடிக்டர் அதன் செலவை மறைத்துவிடும். பழையது, புதியது இரண்டையும் பிஜிஓ, எல்டிஓ (கம்பைலர் வேகப்படுத்தும் முறைகள்) போட்டு பில்டு செய்யுங்கள். அளவு ஆடாமல் இருக்க 'பைபெர்ஃப் சிஸ்டம் டியூன்' கொடுத்துவிட்டு பைபெர்ஃபார்மன்ஸ் என்ற வேகச் சோதனைத் தொகுப்பை முழுதும் ஓட்டி ஒப்பிடுங்கள். 1% வித்தியாசம் வந்தால் அதையும் உடனே நம்ப வேண்டாம். மெஷின் கோடு இடம் மாறினாலே அவ்வளவு ஆடும்.

மறுமொழி 2:
வேகத்தைவிடப் பெரிய தலைவலி வேறு. ஹூக் என்றால் அதற்குள் எந்தப் பைத்தான் கோடும் ஓடலாம், அதே டிக்ட்டையே மாற்றலாம். அப்படியானால் ஹூக் திரும்பியதும் முன்பு எடுத்த பாயின்டர் (நினைவக முகவரி) எதையும் நம்ப முடியாது. அந்தச் சரிபார்ப்பு மையத்தைப் பராமரிப்பவர்கள் தலையில்தான் விழும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2015இல் வந்த சிம்பல்.ஸ்பீஷீஸ் (ஸ்லைஸ், மேப் போன்ற அரே மெத்தடுகள் எந்த வகை அரேயைத் திருப்ப வேண்டும் என்று மாற்றும் வசதி) இப்படித்தான்: பயன்படுத்துபவர்கள் சொற்பம், ஆனால் ஸ்லைஸ், மேப் எழுதும் ஒவ்வொரு எஞ்சினும் அதற்காகத் தனிப் பாதுகாப்பு வைத்திருக்கிறது.

மறுமொழி 3:
கேட்கவே வேண்டாம், பைத்தான் 3.12இலேயே இருக்கிறது: சி ஏபிஐயில் (சி கோடிலிருந்து பைத்தானைக் கையாளும் ஃபங்ஷன்கள்) பைடிக்ட்_ஆட்வாட்சர், பைடிக்ட்_வாட்ச். கண்காணிக்கச் சொன்ன டிக்ட்டுக்கு மட்டும்தான் கால்பேக் (வாட்சராக நாம் கொடுத்த ஃபங்ஷன்) ஓடும். ஒரு இன்டர்ப்ரிட்டருக்கு 8 வாட்சர்தான். வாட்சருக்கு ஒன்றாக அந்த 8 பிட்டையும் டிக்ட்டில் ஏற்கெனவே இருந்த வெர்ஷன் எண்ணின் கடைசியில் நுழைத்துவிட்டார்கள், டிக்ட்டின் அளவு கூடவில்லை. ஏற்கப்பட்டதற்கு இந்தச் சிக்கனம் முக்கியக் காரணம் என்பேன்.

கேள்வி கேட்டவர்:
நேரடியாகப் பைத்தானிலிருந்து கூப்பிட முடியாதா?

மறுமொழி 3:
முடியாது, சி எக்ஸ்டென்ஷன் எழுத வேண்டும். மாட்யூலின் டிக்ட்டை எடுத்து வாட்ச் செய்யுங்கள். கால்பேக் மாற்றத்துக்கு முன்பே வரும், அதற்குள் டிக்ட்டைப் படித்தால் பழைய மதிப்புதான் இருக்கும். புதியது ஆர்க்யுமென்ட்டில் வருகிறது. குளோபல் லிஸ்ட்டில் அப்பெண்ட் செய்தால் கால்பேக் வராது, டிக்ட்டில் எதுவும் மாறவில்லையே. ஃபங்ஷனின் லோக்கல் மாறிகளும் சிக்காது, அவை டிக்ட்டில் இல்லை. அதற்கு சிஸ்.மானிட்டரிங்கில் (கோடு ஓடுவதைக் கண்காணிக்கும் பைத்தான் வசதி) வரிக்கு வரி வரும் லைன் ஈவென்ட்டைப் பிடியுங்கள். வேண்டாத வரிகளுக்கு டிஸேபிள் திருப்பி அனுப்பினால் அந்த இடத்தில் மறுபடி கூப்பிடாது.