விண்ஃபார்ம்ஸ்ல ஜூம்: மவுஸுக்கு கீழ இருக்குற புள்ளி அசையக் கூடாது

பிசிபி போர்டை (எலக்ட்ரானிக் பாகங்கள பதிச்ச சர்க்யூட் பலகை) கேமராவுல படம் புடிச்சு சோல்டரிங் சரியா இருக்கான்னு பாக்குற சாஃப்ட்வேர், சி ஷார்ப் மொழியில, விண்டோஸ் ஜன்னல் புரோகிராம் எழுதுற விண்ஃபார்ம்ஸ்ல எழுதுனது. எங்கிட்ட வந்தப்பவே ஜூம் இருந்துச்சு, ஆனா வீல் உருட்ட உருட்ட படத்தையே பெருசாக்கி புது பிட்மேப்பா (மெமரியில இருக்குற படம்) செஞ்சு, படம் காட்டுற பிக்சர்பாக்ஸ்ல போட்டு வச்சிருந்தாங்க. 8000க்கு 6000 பிக்சல் படம், பிக்சலுக்கு 4 பைட்னா 192 எம்பி ஆச்சு, 4 மடங்கு ஜூம்னா அகலத்துலயும் 4 உயரத்துலயும் 4, மொத்தம் 16 மடங்கு, 3 ஜிபிய தாண்டிரும், அப்புறம் அவுட் ஆஃப் மெமரி வராம என்ன பண்ணும்.

பிக்சர்பாக்ஸ தூக்கிட்டு சொந்தமா ஒரு கன்ட்ரோல் எழுதுனேன். ஒரிஜினல் படத்த தொடவே இல்ல, ஸ்கேல் (எத்தனை மடங்கு ஜூம்), ஆஃப்செட் (படத்தோட மூலை திரையில எங்க நிக்குது) ரெண்டு மட்டும் கையில. கன்ட்ரோல் தன்னை வரையுற ஆன்பெயின்ட்ல, இப்ப திரையில தெரியுற பகுதி படத்துல எந்த செவ்வகம்னு கணக்கு போட்டு அத மட்டும் படம் வரையுற டிராஇமேஜ்ல குடுக்கணும். உள்ள போகப் போக வேலை ஏறாது. மறைவா முழுசா வரைஞ்சுட்டு ஒரேயடியா திரைக்கு கொண்டு வர்ற டபுள்பஃபர்ட ட்ரூ பண்ணிருங்க, இல்லன்னா மினுக்கு மினுக்குன்னு கண்ணு வலிக்கும்.

ஆனா உண்மையான விஷயம் அதுக்கப்புறம்தான். செக்கிங்ல இருந்த அக்கா, "சார், நான் பாத்துட்டிருந்த ஐசி கால் எங்க ஓடிருச்சு?"ன்னாங்க, ஐசி கால்னா போர்டுல இருக்குற சிப்போட கம்பி முனை. அதுவரைக்கும் இடது மேல் மூலைய வச்சு ஜூம் ஆயிட்டிருந்துச்சு. மவுஸ் இருக்குற எடத்துல இருந்து ஆஃப்செட்ட கழிச்சு பழைய ஸ்கேலால வகுத்தா படத்துல எந்தப் புள்ளின்னு வந்துரும், அந்தப் புள்ளிய புது ஸ்கேலால பெருக்கி மவுஸ்ல இருந்து கழிச்சா புது ஆஃப்செட். மவுஸ் 400, ஆஃப்செட் 100, ஸ்கேல் 1ன்னா புள்ளி 300, ஸ்கேல் 2 ஆனா ஆஃப்செட் மைனஸ் 200. ரெண்டே வரி கோடு, அந்த அக்காவோட நாள் முழுக்க வேலை இதுலதான் இருக்கு.

வீலுக்கு ஸ்கேல்ல 0.1 கூட்டாதீங்க, 1.25 ஆல பெருக்குங்க, எந்த ஜூம்லயும் ஒரே மாதிரி நகரும். வீல் ஒரு கிளிக் உருண்டா டெல்டான்னு வர்ற எண் 120, டச்பேட்ல அதவிட சின்ன எண்ணா வரும், அத 120 ஆல முழு எண்ணா வகுத்தா பூஜ்யம்தான், ஜூமே ஆகாது. தசம எண்ணா (டபுள்) வகுத்து, வர்றத 1.25க்கு அடுக்கா போடுங்க.

நெருக்கத்துல பிக்சல் கட்டம் கட்டமா தெளிவா தெரிய, பக்கத்து பிக்சல்களோட கலக்காம வரையுற நியரஸ்ட் நெய்பர் முறைய வச்சா இன்னொரு வம்பு, படம் அரை பிக்சல் தள்ளி நிக்கும். 16 மடங்குல அது திரையில 8 பிக்சல், சோல்டரிங் குறைபாட்டச் சுத்தி போட்ட சிவப்புக் கட்டம் சோல்டர விட்டு வெளிய தெரிஞ்சுச்சு. பிக்சல்ஆஃப்செட்மோட ஹாஃப்னு வச்சதும் கச்சிதமா உக்காந்துச்சு.

இன்னொன்னு, டிராஇமேஜுக்கு எக்ஸ் ஒய் மட்டும் குடுத்தா படத்தோட டிபிஐய (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளி) பாத்து அதுவா அளவ மாத்திரும். 300 டிபிஐ ஸ்கேன் 96 டிபிஐ திரையில மூணுல ஒரு பங்கு அளவுக்கு சுருங்கிப் போகும். எப்பவும் அகலம், உயரத்தோட செவ்வகமா குடுங்க.

முழுப் படத்தையும் சுருக்கிக் காட்டுறப்ப பக்கத்து பிக்சல்கள கலந்து வழுவழுப்பா வரையுற ஹை குவாலிட்டி பைக்யூபிக் முறை அழகா இருக்கு, ஆனா இழுத்தா திணறுது. இப்போதைக்கு இழுக்கும்போது மட்டமான தரத்துல வரைஞ்சுட்டு கை நின்னதும் டைமர் வச்சு நல்லதா திரும்ப வரையுறேன். பாதி அளவு, கால் அளவு காப்பிகள முன்னாடியே செஞ்சு வச்சு ஓட்டுனவங்க யாராச்சும் இருந்தா, எந்த ஸ்கேல்ல அடுத்த காப்பிக்கு மாறுனீங்கன்னு சொல்லுங்க, மாறுற எடத்துல படம் லேசா குதிக்குமோன்னு ஒரு பயம் இருக்கு.