மதுபான உரிமக் கட்டணம்: 'கண்காணிப்பு' பொருந்துமா?

வணக்கம்.

மதுபான ஒழுங்குமுறை வாரியம் விதிக்கும் கட்டணங்களின்மீது சட்டமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைக் குறிக்க, நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலுக்கு ஐயா ஒருவர் 'சட்டமன்றக் கண்காணிப்பு' என்ற சொல்லை முன்மொழிந்திருக்கிறார். எனக்கு அதில் தயக்கம் உண்டு. சிங்கப்பூரில் 'கண்காணிப்பு' என்றால் மின்தூக்கிக்குள் பொருத்திய கேமராவும், 'மேற்பார்வை' என்றால் கட்டுமானத் தள மேற்பார்வையாளரும்தான் நினைவுக்கு வருவார்கள். இரண்டு சொற்களும் பார்த்துக்கொண்டிருப்பதோடு நின்றுவிடுகின்றன; விளக்கம் கேட்டு, வேண்டுமானால் கட்டணத்தையே தடுக்கும் அதிகாரம் அவற்றில் இல்லை. 'மேலாய்வு' என்பதைப் பொதுச்சொல்லாகக் கொள்ளலாம்.

அதன்கீழ் இரு நடைமுறைகளைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2010ஆம் ஆண்டு வாக்காளர்கள் நேரடியாக நிறைவேற்றிய 1053ஆம் எண் சட்டத்தின்படி, அரசு அமைப்பொன்று புதிய கட்டணம் விதிப்பதற்கும் இருப்பதை உயர்த்துவதற்கும் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் பெரும்பான்மை ஒப்புதல் வேண்டும். இதற்கு 'முன்னிசைவு' பொருந்தும். சிங்கப்பூரிலோ, 2015ஆம் ஆண்டின் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் இயற்றப்படும் விதிமுறைகளே உரிமக் கட்டணத்தைச் சொல்கின்றன; இத்தகைய விதிமுறைகள் அரசிதழில் வெளிவந்த பிறகே பொதுவாக நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகின்றன. பீர் விற்கும் காப்பிக்கடைக்காரர் கட்டும் தொகைக்கு உறுப்பினர்கள் முன்கூட்டியே வாக்களிப்பதில்லை. இதை 'அவைமுன் வைப்பு' எனலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், இங்கும் முன்னொப்புதல் உண்டென்று மாணவர் எண்ணிவிடக்கூடும்.

'சட்டமன்ற மேலாய்வு' என்பதை 'மன்ற மேலாய்வு' என்று சுருக்குவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். நம்மூரில் மன்றம் என்றால் சமூக மன்றமோ நகர மன்றமோதான்.

உண்மையில் எனக்குச் சிக்கலாகத் தோன்றுவது 'கட்டணம்' என்ற சொல்தான். அதே வாஷிங்டனில் கடும் மதுவகைகளின் சில்லறை விற்பனையைத் தனியாரிடம் விட்ட 2011ஆம் ஆண்டின் 1183ஆம் எண் சட்டம், அவற்றை விற்கும் சில்லறைக் கடைகள் அம்மதுவகைகளின் விற்பனை வருவாயில் 17 விழுக்காட்டை உரிமக் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்கிறது. நாம் கட்டணம் என்றதும் ஆண்டுக்கு இவ்வளவு வெள்ளி என்ற நிலையான தொகையையே எண்ணுகிறோம். விற்க விற்க ஏறும் தொகை வரியைப் போலவே தோன்றுகிறது. இருப்பினும் சட்டமே அதை வரி என்று அழைக்காதபோது, கலைச்சொல்லில் நாம் வரியாக்கிவிடக் கூடாது. ஆகவே நிலையான தொகைக்கு 'உரிமக் கட்டணம்' என்பதையே வைத்துக்கொண்டு, இதற்கு 'விற்பனைவீத உரிமக் கட்டணம்' என்று தனிப்பதிவு தரலாம். சற்று நீளந்தான், இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.