ஆய்வேட்டில் அடுத்தவர் படம்: அனுமதி எங்கே சறுக்குகிறது?

நூலக மேசை:
படத்துக்குக் கீழே மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது கருத்துத் திருட்டுப் புகாரிலிருந்து காப்பாற்றும், அவ்வளவுதான். பதிப்புரிமை தனிக் கணக்கு. முதலில் கட்டுரையின் முதல் பக்கத்திலோ கடைசியிலோ உரிமக் குறிப்பைத் தேடுங்கள். 'சிசி பை' (CC BY, பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) என்றிருந்தால் யாரையும் கேட்க வேண்டாம். ஆசிரியர் பெயர், மூலத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும், நீங்கள் செய்த மாற்றம் ஆகிய நான்கும் படத்தடியில் வர வேண்டும். நான்காவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வரைபட அச்சுகளின் பெயர்களைத் தமிழில் போட்டாலும் அது மாற்றம்தான். உரிமத்தின் வாலில் 'என்டி' (ND, மாற்றக் கூடாது) இருந்தால் அப்படி மாற்றியதை வெளியிடவே முடியாது.

அடிக்குறிப்பு:
அதிலேயே ஒரு குழி இருக்கிறது. சிசி பை கட்டுரைக்குள் இருப்பதெல்லாம் சிசி பை ஆகிவிடாது. படத்தடியில் 'அனுமதியுடன் மறுபதிப்பு' என்றிருந்தால் அது வேறு யாருடையதோ. அந்தப் படம் முதலில் வந்த இடம்வரை பின்னால் போய்த்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று: ஆசிரியர் மின்னஞ்சலில் 'தாராளமாகப் போடுங்கள்' என்று சொன்னாலும், அவர் உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சம்மதம் செல்லாது. பாவம், பல ஆசிரியர்களுக்கே இது தெரியாது.

படிவப்புலி:
பதிப்பகத்தைக் கேட்கும் வழி: கட்டுரைப் பக்கத்தில் அனுமதிக்கான இணைப்பை அழுத்தினால் பெரும்பாலும் ரைட்ஸ்லிங்க் (RightsLink, பதிப்பகங்களுக்காக அனுமதி வழங்கும் இணையச் சேவை) படிவம் திறக்கும். பயன்பாடு 'ஆய்வேடு', பகுதி 'படம்', எத்தனை படம், எந்த வடிவம் என்று நிரப்ப வேண்டும். ஆய்வேட்டுக்குப் பல பதிப்பகங்கள் கட்டணம் வாங்குவதில்லை. வடிவத்தில் 'அச்சு' மட்டும் தேர்ந்தெடுத்தால் பிறகு மாட்டிக்கொள்வீர்கள். பல்கலைக்கழகம் ஆய்வேட்டை இணையக் களஞ்சியத்தில் ஏற்றும்போது அந்த அனுமதி அங்கே எட்டாது. 'அச்சும் மின்வடிவும்' என்றே கொடுங்கள். வரும் உரிமக் கடிதத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்துப் பின்னிணைப்பில் வையுங்கள். ஆய்வேட்டைப் பிறகு நூலாக்கினால் புது அனுமதி வேண்டும்.

அடிக்குறிப்பு:
திரும்ப வரைந்தால் தப்பிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எண்கள் யாருக்கும் சொந்தமில்லை. அட்டவணையில் உள்ள எண்களை எடுத்து நீங்களே வரைபடம் போட்டால் சிக்கலில்லை, மூலத்தைக் குறித்தால் போதும். ஆனால் உடலுறுப்புச் சித்திரத்தை அப்படியே பார்த்து வரைந்து நிறம் மாற்றினால் அது தழுவல், அனுமதி தேவை.

நூலக மேசை:
சொந்தக் கட்டுரையை அத்தியாயமாகச் சேர்ப்பவர்களுக்கு: ஒப்பந்தத்தைப் பார்க்காமல் இதழ் வடிவமைத்த பிடிஎஃப்பை ஒட்டாதீர்கள். மதிப்பாய்வுத் திருத்தங்கள் முடிந்து ஏற்கப்பட்ட கைப்பிரதியை மட்டுமே சில ஒப்பந்தங்கள் அனுமதிக்கின்றன. தடைக்காலம் (கட்டுரையைக் களஞ்சியத்தில் எல்லோருக்கும் திறக்கக் கூடாத காலம்) இருந்தால் அது பொதுவாகக் கட்டுரை வெளியான நாளிலிருந்து ஓடும், ஏற்கப்பட்ட நாளிலிருந்து அல்ல. களஞ்சியப் படிவத்தில் திறக்கும் தேதியை அந்தக் கணக்கில் போடுங்கள்.