பப்பாளி வைரஸைச் செடியே பிடிக்குமாமே, நிஜமா?

லத்தேரிக் கொல்லை:
அரை ஏக்கரில் 600 பப்பாளிக் கன்று வைத்தேன். நாலாம் மாதம் கொழுந்து கயிறு மாதிரி சுருங்கியது. காம்பில் எண்ணெய் வடிந்த மாதிரி கோடு, பிஞ்செல்லாம் வளையம் வளையமாகப் புள்ளி. கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்துப் பார்த்தேன், தோள்வலிதான் மிச்சம். இதுவரை 340 கன்று பிடுங்கியாச்சு. தங்கை மகன் கல்லூரியில் படிக்கிறான். "மாமா, செடியின் எதிர்ப்பு ஏற்பியையே மாற்றி வைரஸைப் பிடிக்க வைக்கிறாங்க" என்கிறான். அந்தக் கன்று எங்கே கிடைக்கும்?

முள்கத்திரி:
விஷயம் நிஜம்தான் அண்ணா, கன்றுதான் கிடைக்காது. நான் பயிர் நோயியல் மாணவி. எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் கிருமி வந்ததை உணரும் புரதத்தைத்தான் ஏற்பி என்கிறோம். ஆர்பிஎஸ்5 என்ற ஏற்பிதான் பொறி. பிபிஎஸ்1 என்ற புரதம் அதில் மாட்டிய தேங்காய்ச் சில்லு. ஒரு பாக்டீரியாவின் நொதி சில்லைக் கடித்தால் பொறி விழும், அந்தச் செல் தானும் செத்துக் கிருமியையும் முடக்கும். 2016-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தார் சில்லை மட்டும் மாற்றினார்கள்: டர்னிப் மொசைக் வைரஸின் நொதி கடிக்கிற துண்டை வைத்தார்கள். பொறி விழுந்தது! உங்கள் பப்பாளியில் வந்த வளையப்புள்ளி வைரஸும் அதே வகைதான், போட்டிவைரஸ் (potyvirus) என்பார்கள். அதுவும் தன் நீளப் புரதத்தை அப்படியொரு நொதியால் நறுக்கித்தான் பிழைக்கிறது. ஆனால் சோதித்தது அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துப் பூண்டில். அதிலும் பொறி தாமதம். வைரஸ் முன்னால் ஓட, செல்கள் பின்னாலேயே செத்துக்கொண்டு போயின.

லத்தேரிக் கொல்லை:
அப்போ இந்த வைரஸைத் தாங்கும் ஹவாய் பப்பாளி என்கிறார்களே?

முள்கத்திரி:
1998-இல் வந்த ரெயின்போ. அது ஏற்பி வழி இல்லை. வைரஸின் மேலுறையாக இருக்கும் புரதத்தின் மரபணுவைச் செடியில் வைத்தார்கள். அதைக் கொண்டு செடி வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவை நறுக்கிவிடும். அந்த ஊர் வைரஸுக்குப் பார்த்துச் செய்தது.

பொன்னைக்காரர்:
தம்பி, பக்கத்தில் சுரை, பூசணி இருக்கா? இந்த வைரஸ் அதிலும் தங்கும். அசுவினிப் பூச்சி ஒரு குத்து குத்தினால் போதும், சில நொடியில் ஒட்டிவிடும். நீ அடிக்கிற மருந்தில் அது சாவதற்குள் வேலை முடிந்திருக்கும். நான் நாற்றை வலைக்குள் வளர்த்தேன். கன்று வைக்கும் முன்பே அசுவினிக்குத் தடுப்பாகச் சுற்றிலும் இரண்டு வரிசை சோளம். நோய் வராமல் இல்லை, காய்த்த பிறகு வந்தது. அதுவரைக்கும் காசு பார்த்தேன்.

லத்தேரிக் கொல்லை:
மோட்டார் கொட்டகை மேல் சுரைக்கொடி இருக்கு அண்ணே. வீட்டில் நட்டது, இப்போதுதான் பிஞ்சு இறங்குகிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு பேச்செடுக்கிறேன்.