சிவந்த சீரத்தில் என்ன தெரியும்?

குடந்தையான்: ஒரு துளி ரத்தத்தில் மிதக்கும் ஆர்என்ஏ துணுக்கே எல்லாப் புற்றுநோயையும் காட்டிவிடும் என்று நேற்று ஒருவர் எழுதினார். மன்னை லேப் அண்ணன் ‘புளுகு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். 2024 மருத்துவ நோபலை அம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் மைக்ரோ ஆர்என்ஏவுக்காக, அதாவது மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏவுக்காகத்தானே கொடுத்தார்கள்? அதுவும் புளுகா?

மன்னை லேப்: அது 1993இல் புழுவில் கண்டதற்கு. நான் சொல்வது ரத்தம் பிடிக்கும் சோதனைக் குழாயைப் பற்றி. மே மாத வெயிலில் மன்னார்குடியில் எடுத்த ரத்தம் பிரிக்காமலே தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போகிறது. சுழற்றிப் பார்த்தால் மேலே தெளிந்து நிற்கும் நீர், அதாவது சீரம், வைக்கோல் நிறத்தில் இல்லை, ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறது. சிவப்பணு உடைந்துவிட்டது. அதற்குள் மிர்-451, மிர்-16 என்ற மைக்ரோ ஆர்என்ஏக்கள் ஏராளம். அதை அளந்து யாருக்கு என்ன நோய் என்பீர்கள்?

திருவையாறு டீச்சர்: தம்பி, மைக்ரோ ஆர்என்ஏ மட்டுமா பேச்சு? செல்லுக்கு நெருக்கடி வந்தால் ஆஞ்சியோஜெனின் என்ற நொதி, புரதம் கட்ட அமினோ அமிலம் சுமக்கும் டிஆர்என்ஏவையும் பாதியாக வெட்டுகிறது. குப்பை என்று ஒதுக்கிய துணுக்குகள் அவை.

மன்னை லேப்: எந்தத் துணுக்கானாலும் குழாய் ஒன்றுதான் டீச்சர். சீரம் சிவந்தால் போச்சு.

திருவையாறு டீச்சர்: உடைந்த சிவப்பணுவின் ஹீமோகுளோபின் 414 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுமே, அதை அளந்தால் சிவந்ததை ஒதுக்கிவிடலாமே? லேப்காரருக்கு நான் சொல்லவேண்டுமா?

மன்னை லேப்: நம் ஊரில் எந்த கலெக்‌ஷன் சென்டரில் அதை அளக்கிறார்கள், சொல்லுங்கள். பதினெட்டு வருடம் குழாயைப் பிடித்த கை இது.

நாகை விவசாயி: இவர் இப்படித்தான். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நான் வெடித்த வயலைப் படம் போட்டபோதும் ‘ஆதாரம் எங்கே’ என்றார். மறக்கவில்லை.

மன்னை லேப்: அது எந்த ஊர் வயல் என்று இன்றுவரை நீங்கள் சொல்லவில்லை.

குடந்தையான்: வயலை விடுங்கள். மிர்-21 பல கட்டிகளில் கூடுகிறதே, அதற்கு என்ன பதில்?

மன்னை லேப்: பல கட்டிகளில் கூடுவதால்தான் எந்தக் கட்டி என்று அது தனியாகச் சொல்லாது. மருந்துக் கதையையும் கேளுங்கள். கட்டியை அடக்கும் மிர்-34 போலச் செய்த எம்ஆர்எக்ஸ்34 என்ற புற்றுநோய் மருந்தின் சோதனையை 2016இல் நிறுத்தினார்கள். நோயெதிர்ப்பு மண்டலம் தாறுமாறாகக் கிளம்பிவிட்டது.

குடந்தையான்: என் அத்தைக்கு வாய்ப்புற்று முற்றிய பிறகுதான் தெரிந்தது. ஒரு ரத்தச் சோதனை இருந்திருந்தால்…

மன்னை லேப்: வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் தம்பி.

திருவையாறு டீச்சர்: இறந்தவரைப் பற்றி இப்படியா பேசுவது? மன்னிப்புக் கேளுங்கள்.

மன்னை லேப்: பார்க்காமல் விட்டவர்களைத்தான் சொன்னேன், அத்தையை அல்ல. நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சிவந்த குழாயை என்ன செய்வீர்கள்?

நாகை விவசாயி: முதலில் என் வயலுக்குப் பதில் சொல்லுங்கள்.