கூலிக்கொலையாளியை ‘நீ’ என்று கூப்பிடும் குரல்: ‘பிளாஸ்ட் ஆஃப் சைலன்ஸ்’ பார்த்த அனுபவங்கள்

போன மாதம் எங்கள் திரைப்படக் குழுவில் ‘பிளாஸ்ட் ஆஃப் சைலன்ஸ்’ திரையிடுவதாக முடிவானது. 1961ல் வந்த அமெரிக்கக் கறுப்பு வெள்ளை நுவார் படம், அதாவது இருண்ட மனநிலையில் சொல்லப்படும் குற்றப்படம். தமிழ் சப்டைட்டில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 77 நிமிடப் படம்தானே, இரண்டு ராத்திரியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

திரை முழுக்க இருட்டு. ரயில் சத்தம். தூரத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்து மெல்லப் பெரிதாகிறது. அதன் மேல் ஒரு கரகரத்த குரல். அது நமக்குக் கதை சொல்லவில்லை; நாயகனோடு பேசுகிறது. அவன் வலியில் பிறந்ததை அவனுக்கே நினைவூட்டுகிறது. ரயில் சுரங்கத்தைவிட்டு வெளியே வருவதும் அவன் பிறப்பதும் ஒன்றாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு படம் முடியும்வரை அந்தக் குரல் அவனை விடுவதாக இல்லை.

ஆங்கிலத்தில் ‘யூ’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நமக்கு அது நீயா, நீங்களா? ‘நீங்கள்’ போட்டுப் பார்த்தேன், வங்கியிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது. ‘நீ’ போட்டதும் வேறு தலைவலி. இவனை ஒருமையில் கூப்பிட யாருக்கு உரிமை இருக்கிறது? நாயகன் பிராங்கி போனோ, கூலிக்கொலையாளி, அனாதை இல்லத்தில் வளர்ந்தவன். ஆசையாகவோ கோபமாகவோ ‘நீ’ என்று சொல்ல வீட்டில் ஆளில்லாதவன். அப்படியானால் மனசாட்சியா? மனசாட்சி என்றால் வேண்டாம் என்று தடுக்க வேண்டும். இதுவோ பதற்றப்படாதே, வேலையைப் பார் என்கிறது. அவன் வெறுப்பைத் தட்டிக்கொடுத்து வளர்க்கிறது. நான்கு இடத்தில் ‘டா’ கூடச் சேர்த்தேன்.

பேசியவர் லயனல் ஸ்டாண்டர். கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலத்தில் ஹாலிவுட் ஒதுக்கிவைத்த நடிகர். டைட்டிலில் அவர் பெயர் கிடையாது. அந்த வசனத்தை எழுதிய வால்டோ சால்ட்டும் அதே கறுப்புப் பட்டியல்காரர்தான். மெல் டேவன்போர்ட் என்ற புனைபெயரில் எழுதினார். (பின்னாளில் இரண்டு ஆஸ்கர் வாங்கினார்.) பெயர் போட முடியாத இரண்டு பேர் சேர்ந்து, பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்புப் போய்விடும் ஒருவனிடம் பேசியிருக்கிறார்கள். இது தெரிந்தபின் அந்தக் கரகரப்பு எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கிளீவ்லாந்திலிருந்து கிறிஸ்துமஸ் சமயத்தில் பிராங்கி நியூயார்க் வருகிறான். டிரோயானோ என்ற நடுத்தர தாதாவைத் தீர்க்க வேண்டும். எப்போது தனியாக இருப்பான் என்று பின்தொடர்ந்து நோட்டம் பார்ப்பதிலேயே பாதிப் படம் போய்விடுகிறது. எனக்கு அதுதான் பிடித்தது. ஆலன் பாரனே எழுதி, இயக்கி, நடித்திருக்கிறார். பிராங்கியாக முதலில் நடிக்க இருந்தவர் நடிகர் பீட்டர் பால்க். சம்பளத்தோடு வேறு படம் கிடைத்ததும் போய்விட்டார். அந்த ‘மர்டர் இன்க்’கும் கூலிக்கொலை பற்றியதுதான், அதில் அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது! ஆனால் பால்க் நடித்திருந்தால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்போம். பாரனின் முகம் கூட்டத்தில் தொலைந்துபோகிற முகம். இந்தத் தொழிலுக்கு அதுதானே வேண்டும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

அண்ணா, எனக்கு அந்தப் படத்துல மறக்கவே மறக்காதது ரால்ஃபோட எலிங்கதான். சைலன்சர் வெச்ச துப்பாக்கி விக்கிற குண்டு மனுஷன், கூண்டுல எலி வளர்த்துக் கொஞ்சுறான். பாத்துட்டு ராத்திரி சாப்பாடு இறங்கல.

ஆனா எனக்கு இந்த வகைப் படத்துல முதல் அறிமுகம் 1942ல வந்த ‘திஸ் கன் ஃபார் ஹயர்’. கிரஹாம் கிரீன் நாவல். ஆலன் லாட் கொலைகாரன். அம்மாவும் கூட உக்காந்து பாத்தாங்க, இங்கிலீஷ் தெரியாது. அவன் பூனைக்குப் பால் ஊத்தினதும் “பாவம், நல்ல பையன்”னாங்க. பூனைய விரட்டின வேலைக்காரப் பொண்ண அவன் அறைஞ்சதும் “சே, நாசமாப் போறவன்”. கொலை பண்ணிட்டு இறங்கறப்ப படிக்கட்டுல கால்ல கம்பி போட்ட ஒரு சின்னப் பொண்ணு. பாத்த சாட்சி. அவன் கை துப்பாக்கிகிட்ட போகுது. அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. அவன் அவளோட பந்தை எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டான். அப்புறம் போலீஸ்கிட்ட ஒளிஞ்சிருக்கும்போது, சத்தம் போடக் கூடாதேன்னு ஒரு பூனைய அமுக்கிப் பிடிச்சு, அது செத்தே போகுது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாங்க. கடைசிவரைக்கும் அவன் நல்லவனா கெட்டவனான்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணல.

*

எல்லோரும் பாராட்டிக்கொண்டே போகிறீர்கள், நான் கொஞ்சம் முரண்படுகிறேன். ‘பிளாஸ்ட் ஆஃப் சைலன்ஸ்’ படத்தில் பிராங்கியின் பழைய நண்பனின் தங்கை லோரி வீட்டுக் காட்சியை யாருமே தொடவில்லையே, ஏன்? பண்டிகை நாளில் தனியாக இருக்கிறானே என்று இரக்கப்பட்டு வீட்டுக்கு அழைக்கிறாள். அவன் அவளிடம் பலவந்தமாக நடந்துகொள்கிறான். அதற்கு முந்தைய விருந்தில் மூக்கால் வேர்க்கடலை தள்ளும் போட்டியில் அவன் தவழ்ந்ததைப் பார்த்து மனம் இளகியிருந்தேன். இந்தக் காட்சி வந்ததும் படத்தை நிறுத்திவிட்டேன். மீதியைப் பார்க்க ஒரு வாரம் ஆனது.

தனிமைதான் அவனைக் கெடுத்தது என்று சொல்லித் தப்பவிட முடியாது. படமும் அப்படித் தப்பவிடவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் நம் பாராட்டுக் கட்டுரைகள் விட்டுவிடுகின்றன.

*

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். படத்தில் ஸ்டேட்டன் தீவுப் படகு வருகிறதல்லவா, பார்த்த அந்த வாரமே போய் ஏறினேன். இப்போது டிக்கெட் கிடையாது, இலவசம். டிசம்பர் குளிர் காதைக் கிழித்தது. சுற்றுலாக்காரர்கள் சுதந்திர தேவி சிலைப் பக்கம் மொய்த்துக்கொண்டிருந்தார்கள், எதிர்ப்பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. பேரம் பேச வந்தவன் அங்கேதான் நிற்பான் என்று தோன்றியது.

ஆள் நடமாட்டமில்லாத தெருவில் பிராங்கி எங்கோ தூரத்திலிருந்து காமிராவை நோக்கி நடந்து வரும் நீளமான ஷாட் ஒன்று உண்டு. வெட்டே இல்லை. நான் இரவு ஷிஃப்ட் முடிந்து போகும்போதெல்லாம் அந்த ஷாட்டுக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது.

கடைசிக் காட்சி நியூயார்க்கின் ஜமைக்கா பே சதுப்பில் எடுத்தது. அந்தக் காற்றும் மழையும் நிஜப் புயல். மீதிக் கூலியை வாங்கப் போன இடத்தில்... சரி, பார்க்காதவர்கள் இருப்பீர்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

*

மீண்டும் நான்தான். லோரி காட்சி பற்றி எழுதியவருக்கு: உண்மை, நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். சப்டைட்டிலில் அங்கே வசனம் குறைவு, வேலையும் குறைவு, அதனால் யோசிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று திரையிட்டோம். பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் கேட்டார்: “தம்பி, அவனை நீ நீன்னு பேசினது யாரு, அவங்க அப்பனா?” எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவன் சேற்றுத் தண்ணீரில் விழுந்து கிடந்த பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லையே, அப்பனாக இருந்தால் அழுதிருக்க மாட்டாரா?

திரையிடலுக்கு முந்தின ராத்திரி நான்கு ‘டா’வில் மூன்றை எடுத்துவிட்டேன். அந்தச் சேற்றில் இருப்பதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.